கொட்டிவாக்கம் ஃபிளாட்ல ஒரு காப்பர் சுவர்: ரெண்டு தடவை அடிச்ச கதை, முழு விவரம்

பின்னணி

2025 பிப்ரவரியில வந்த வேலை இது. சென்னையில கொட்டிவாக்கம் பக்கம், பீச்ல இருந்து நடந்து போற தூரத்துல 14 வருஷ பழைய அபார்ட்மென்ட், மூணாவது மாடி, 980 சதுர அடி, 2 பிஹெச்கே. செகண்ட் ஹேண்டா வாங்கினது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, ஒரு வயசு முடியப் போற பையன், கூட பையனோட பாட்டி, நான் அம்மான்னு கூப்பிடறவங்க. மே முதல் வாரம் காதுகுத்து, வீட்லயே வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க, அதுக்குள்ள வீடு புதுசா ஆகணும். மர வேலை எதுவும் கிடையாது, இருக்கிற கப்போர்டு அப்படியே, பெயிண்ட், லைட், கைப்பிடி, கண்ணாடி, ஃபேன் இதை மட்டும் மாத்தி வீட்டோட லுக்கை மாத்தணும், மொத்தம் 3.5 லட்சம்.

நான் பெயிண்டிங், இன்டீரியர் வேலை காண்ட்ராக்ட் எடுத்துப் பண்றவன். இதுல நடந்த தப்புல பாதிக்கு மேல என்னோடது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

அவங்க கேட்டது

வீட்டுக்காரம்மா, நான் தங்கச்சின்னு கூப்பிடறவங்க, போன்ல ஒரு நாப்பது படம் சேவ் பண்ணி வெச்சிருந்தாங்க. எல்லாத்துலயும் ஒரே மாதிரி காப்பி பிரவுன் சுவர், அதுல ஒரு சுவர் மட்டும் காப்பர் மாதிரி மின்னுது, கைப்பிடி எல்லாம் கோல்டு, கண்ணாடிக்கு கோல்டு ஃபிரேம், ரோஸ் கோல்டு ஃபேன். அந்த பிரவுன் அப்ப ஏன் எல்லா இடத்துலயும் இருந்துச்சுன்னா, ஷேடு கார்டு போட்டு கலருக்குப் பேர் வெக்கிற பான்டோன் கம்பெனிக்காரங்க 2025க்கு அறிவிச்ச கலர் மோக்கா மூஸ், பால் கொஞ்சம் தூக்கலா போட்ட காப்பி நிறம். 2024க்கு பீச் ஃபஸ், 2023க்கு விவா மெஜந்தா, இப்படி 2000ல இருந்து வருஷா வருஷம் ஒன்னு சொல்லிட்டு வராங்க, அடுத்த மாசமே நம்ம ஊர் பெயிண்ட் கடையில கஸ்டமர் போனை நீட்டி இதே ஷேடு வேணும்னு நிப்பாங்க.

புருஷனுக்கு கிரே, சில்வர் பிடிக்கும், ஆனா பெருசா பேசல. அம்மா மட்டும் "சந்தன கலரே போதுமே தம்பி, கண்ணுக்கு குளுமையா இருக்கும்"னாங்க. யாரும் காதுல வாங்கல, நானும்தான்.

முதல் விசிட்ல பார்த்தது

ஹால் 16க்கு 11 அடி. மேற்குப் பக்கம் பெரிய பால்கனி கதவு, வெளிச்சம் பூரா அது வழியாதான். டிவி மாட்டறது தெற்கு சுவர், 16 அடி நீளம், 9.5 அடி உயரம், சுமார் 152 சதுர அடி. காப்பர் அடிக்கணும்னு கேட்டது இந்த சுவருக்குத்தான்.

இந்த சுவருக்குப் பின்னாடி காமன் பாத்ரூம். தரையில இருந்து ஒரு ரெண்டு அடி வரைக்கும் பெயிண்ட் உப்பி பொருக்கு பொருக்கா நின்னுச்சு, விரலால சுரண்டினா வெள்ளையா உப்புப் பொடி. ஓதம்தான், அதாவது சுவருக்குள்ள ஏறின ஈரம், ஆனா எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு தெரியணுமே, ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலித்தீன் ஷீட்டை வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுட்டேன். மறுநாள் பார்த்தா ஒரு அடி உயரத்துல ஒட்டினது உள்பக்கம் வேர்த்திருந்துச்சு, நாலடி உயரத்துல ஒட்டினது காஞ்சே இருந்துச்சு.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு நின்னு வெளிச்சமும் பார்த்தேன். பால்கனி வழியா வந்த வெயில் எதிர்ல வடக்கு சுவர்ல விழுந்துச்சு, டிவி சுவர் நிழல்லயே இருந்துச்சு. சரி, இங்க வெயில் தொந்தரவு இல்லைன்னு நோட்ல எழுதிக்கிட்டேன். அந்த ஒரு வரிதான் பின்னாடி காலை வாரி விட்டுச்சு.

ராத்திரி லைட் எல்லாம் 6500 கெல்வின் வெள்ளை எல்ஈடி. கெல்வின் நம்பர் கூடினா வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை, குறைஞ்சா மஞ்சள்.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

முதல்ல பாத்ரூம். டைல் இடுக்கு முழுக்க பழைய கிரவுட்டை சுரண்டிட்டு எபாக்ஸி கிரவுட் போட்டோம், ஹால் பக்கம் மூணடி உயரத்துக்கு பூச்சைக் கொத்தி எடுத்து வாட்டர்ப்ரூஃப் கலந்து திரும்பப் பூசினோம், காயட்டும்னு நாலு வாரம் விட்டாச்சு. இதுக்கு 31,000 ஆச்சு, பெயிண்டுக்குன்னு வெச்ச காசுல பாத்ரூமுக்கு ஏன் செலவுன்னு புருஷன் கேட்டார், மெட்டாலிக் அடிச்ச அப்புறம் உப்பு பூத்தா அந்த இடத்தை மட்டும் சரி பண்ண முடியாது சார், சுவர் முழுக்கத்தான் அடிக்கணும்னு சொன்னதும் ஒத்துக்கிட்டார்.

மெட்டாலிக் ஒரே ஒரு சுவர்தான்னு நான் பிடிவாதமா நின்னேன். பெட்ரூம்லயும் கேட்டாங்க. நம்ம பழைய வீட்டு பூஜை ரூமை நெனச்சுப் பாருங்க, இருட்டு மூலையில ஒரு குத்துவிளக்கு எரியும், சுத்தி எதுவும் மின்னாது, அதனாலதான் அந்தப் பித்தளை அப்படி தங்கமா தெரியுது. தஞ்சாவூர் படத்துலயும் தங்கத் தாள் ஒட்டாத இடம் எல்லாம் அழுத்தமான சிவப்பும் பச்சையுமாதான் இருக்கும். அதனால மத்த மூணு சுவரும் மோக்கா பிரவுன் மேட்ல, அதாவது மினுமினுப்பே இல்லாத பெயிண்ட்ல, சீலிங் வெள்ளை.

கைப்பிடி மொத்தம் 46. கிச்சன்ல 18, பெட்ரூம் ரெண்டுலயும் சேர்த்து 28. பாத்ரூம் செலவு பட்ஜெட்டைக் கடிச்சதால கைப்பிடியில மிச்சம் பிடிக்கலாம்னு துத்தநாக அலாய்ல கோல்டு முலாம் போட்டது, பீஸ் 150 ரூபாய்னு வாங்கினோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பிவிடி கோட்டிங் (காத்தில்லாத அறைக்குள்ள ஆவியா படிய வைக்கிற கெட்டியான பூச்சு) போட்டது 420 சொன்னாங்க. ரெண்டையும் டேபிள் மேல வெச்சுப் பார்த்தா ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

செய்யாம விட்டது ஒன்னு உண்டு. சுவர்லயே ரெண்டுக்கு ரெண்டு அடி சாம்பிள் அடிச்சுக் காட்டறது என் வழக்கம். இங்க காட்டல. கடையில ஷேடு கார்டைப் பார்த்து ஓகே சொல்லிட்டாங்க, தேதி நெருங்குது, விட்டுட்டேன்.

ஏப்ரல்ல நடந்தது

பட்டி ரெண்டு கோட்டிங் போட்டு உப்புத்தாள் தேய்ச்சு பிரைமர் அடிக்கிற வரைக்கும் எந்தப் பிரச்சனையும் இல்ல. அப்பதான் 55 இன்ச் டிவி 65 ஆச்சு. வயர் பாயிண்ட்டை ஏத்தணும்னு எலக்ட்ரீஷியன் வந்து தேய்ச்சு முடிச்ச சுவரை நட்டநடுவுல மூணடி நீளத்துக்கு காடி வெட்டி பைப் பதிச்சு சிமென்ட் போட்டு மூடிட்டுப் போனார். அந்த சிமென்ட் ஒரு மாசமாவது காஞ்சிருக்கணும், எங்ககிட்ட இருந்தது 5 நாள். மேல பட்டி போட்டு மட்டப்பலகை வெச்சுப் பார்த்தோம், சரியாத்தான் இருந்த மாதிரி தெரிஞ்சுச்சு, மேல பேஸ் கோட் பிரவுன் எமல்ஷன் ரெண்டு கை, அதுவும் நல்லா இருந்துச்சு. மேட் பெயிண்ட் எதையும் காட்டிக் குடுக்காது.

காப்பர் கோட்டிங் ஏப்ரல் நாலாவது வாரம். டப்பாவுக்கு டப்பா லேசா ஷேடு மாறும்னு எல்லாத்தையும் ஒரே பக்கெட்ல ஊத்திக் கலந்துதான் எடுத்தோம், அதுல குறை சொல்ல முடியாது. முதல் கை காலையில, ரெண்டாவது கை மத்தியானம். ரெண்டு பேர் இருந்தாங்க, சுவர்ல முக்கால்வாசி முடிஞ்சப்ப டீ வந்துச்சு, பத்து நிமிஷம் நின்னுட்டு திரும்ப ஆரம்பிச்சாங்க. ஏப்ரல் வெயில்ல பத்து நிமிஷத்துல ஈரமா இருந்த ஓரம் காஞ்சு போச்சு, அதுமேல புது ரோலர் ஏறினதும் ரெண்டு சேர்ற இடத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு அடர்த்தியான கோடு. நான் அப்ப வேற சைட்ல இருந்தேன்.

அஞ்சு மணிக்கு வந்து கதவைத் திறந்தா, சுவர் முழுக்க அலை. அதைத் தவிர வேற வார்த்தை தோணல. பட்டிக் கரண்டி போன தடம் ஒவ்வொன்னும் வில்லு வில்லா, நடுவுல அந்தக் காடி மூடின இடம் மூணடி நீளத்துக்கு புண்ணு ஆறின தழும்பு மாதிரி, வலது பக்கம் டீ கோடு. பிப்ரவரியில நிழல்ல இருந்த அதே சுவர் மேல இப்ப பால்கனி வெயில் சுவரை ஒட்டினாப்புல பக்கவாட்டுல வழிஞ்சு போகுது.

ஏன்னு புரிய எனக்கு அந்த ராத்திரி ஆச்சு. இது உத்தராயணம். பிப்ரவரியில சூரியன் மேற்குக்குக் கொஞ்சம் தெற்கே தள்ளி சாயும், வெயில் வடக்கு சுவர்ல விழும். மார்ச் 21 தாண்டிட்டா மேற்குக்கு வடக்கே தள்ளி சாய ஆரம்பிக்கும், வெயில் தெற்கு சுவர் பக்கம் திரும்பிடும். ஏப்ரல் கடைசியில அது ரொம்ப லேசான சாய்வுல சுவரைத் தடவிட்டு போற மாதிரி வரும், அந்த மாதிரி வெளிச்சத்துல அரை மில்லி மேடும் பெரிய நிழலா தெரியும். சின்னப் புள்ளையில இருந்து தெரிஞ்ச விஷயம், பொங்கல் அன்னைக்கு சூரியன் வடக்கே திரும்புதுன்னு கும்பிடறோம், வேலைன்னு வரும்போது மண்டையில ஏறல.

மெட்டாலிக் பெயிண்ட் இதை இன்னும் மோசமாக்கும். அதுல இருக்கிறது அப்ரகச் செதில், மேல அயர்ன் ஆக்சைடு பூசினா காப்பர், வெண்கல நிறம் வரும், டைட்டானியம் டையாக்சைடு பூசினா முத்து மாதிரி. செதில் ஒவ்வொன்னும் ஒரு குட்டிக் கண்ணாடி, சுவர் எப்படி வளைஞ்சிருக்கோ அப்படியே அதுவும் படியும்.

டச்சப், அதாவது அடுத்த தப்பு

மறுநாள் பெரிய பெயிண்டர் ஒருத்தர் "கோட்டை மட்டும் பிரஷ்ல தொட்டு விட்டுடலாம்ணே"ன்னார். எனக்குத் தெரியும் கூடாதுன்னு, பதட்டத்துல சரின்னுட்டேன். ரோலர் ஓட்டினப்ப செதில் ஒரு திசையில படியுது, பிரஷ்ல தொட்டா வேற திசையில படியும், அதே டப்பா அதே பெயிண்டா இருந்தாலும் வெளிச்சத்தை வேற மாதிரி திருப்பும். ஒரு கோடு இருந்த இடத்துல இப்ப பேண்டெய்டு ஒட்டின மாதிரி ஆறு இடம். அந்தத் தங்கச்சி சத்தம் போடல, "அண்ணா, இது இப்படியேதான் இருக்குமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

காதுகுத்துக்கு 6 நாள். திரும்பத் தேய்ச்சு பட்டி போட்டு அடிக்க நேரமில்ல, வீடு முழுக்க தூசி வேற. அதனால ஃபங்ஷன் முடியற வரைக்கும் பால்கனிக்கு கனமான திரை, டிவி சுவர்ல ரெண்டு பக்கமும் பூ அலங்காரம்னு மறைச்சு ஓட்டறதுன்னு பேசி முடிச்சோம். வந்த சொந்தக்காரங்க போட்டோ எடுத்து சூப்பர்னு சொல்லிட்டுப் போனாங்க, ஃபிளாஷ் நேரா அடிச்சா அலை தெரியாது. அந்த நாப்பது படமும் எப்படி எடுத்திருப்பாங்கன்னு அப்ப ஒரு யோசனை ஓடுச்சு.

கைப்பிடி

காதுகுத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அம்மா வழக்கம் போல குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாத்தையும் எடுத்து புளி போட்டு தேய்ச்சிருக்காங்க, அதோட பித்தாம்பரியும். அப்படியே கிச்சன் டிராயர் கைப்பிடியும் பித்தளைதானேன்னு நாலு கைப்பிடிக்கு ஒரு தேய் தேய்ச்சுட்டாங்க. பித்தளையா இருந்தா புளியோட அமிலம் மேல படிஞ்ச கறையை மட்டும் கரைச்சு எடுக்கும், அடியில இருந்து திரும்பப் பித்தளையேதான் வரும். இங்க முலாம் காகிதத்தை விட மெல்லிசு. நான் போய் பார்த்தப்ப நாலு கைப்பிடியிலயும் நடுவுல, விரல் படற இடத்துல, தங்கம் போய் சாம்பல் நிறம் தெரிஞ்சுச்சு, ஓரத்துல மட்டும் கோல்டு மிச்சம்.

"நல்ல பித்தளைன்னு நெனச்சேன் தம்பி, தேய்ச்சா பளபளன்னு வரும்னு பார்த்தேன்"னாங்க. அவங்க மேல என்ன தப்பு, தங்கமா மின்னுற சாமானை புளி போட்டுத் தேய்க்கிறது அறுபது வருஷப் பழக்கம், இதைத் தேய்க்காதீங்கன்னு நான்தான் சொல்லியிருக்கணும்.

கிச்சன்ல தேய்க்காத மத்த கைப்பிடியும் ஜூன்லயே கெட்டுப் போக ஆரம்பிச்சுடுச்சு. கிச்சன் கிழக்குப் பக்கம், ஜன்னல் திறந்தா கடல் காத்து. முலாம் மேல ஊசியால குத்தின மாதிரி புள்ளி புள்ளியா வெள்ளை. பெட்ரூம் கைப்பிடிக்கு ஒன்னும் ஆகல, உப்புக் காத்து அந்தப் பக்கம் அவ்வளவா போறதில்ல. கிச்சன் 18ஐ மட்டும் கழட்டிட்டு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பிவிடி போட்டது மாட்டினோம், 7,560 ரூபாய். அந்தக் கோட்டிங்ல கோல்டு நிறம் வரக் காரணம் டைட்டானியம் நைட்ரைடு, டிரில் பிட்டு மேல மஞ்சளா இருக்குமே அதே சாமான், அவ்வளவு கெட்டி.

ஜூன்ல ரெண்டாவது தடவை

இந்த தடவை பெயிண்ட் டப்பாவைத் தொடறதுக்கு முன்னாடி ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சுட்டு ஒரு டார்ச்சை சுவரோட ஒட்டி வெச்சு, ஒவ்வொரு சுவரா மேல கீழ ஓட்டிப் பார்த்தேன். தெற்கு சுவர்ல மட்டும் பென்சில்ல வட்டம் போட்டது இருபத்தி மூணு இடம். கொத்தனாரைக் கூப்பிட்டு முழு சுவரையும் திரும்ப மட்டம் பண்ணினா சரியாகும், ஆனா செலவு, தூசி, சின்னப் பையன் இருக்கிற வீடு, அப்படிப் பண்ணினாலும் வருஷத்துல பாதி மாசம் சாயங்காலம் அந்த வெயில் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

அதனால மெட்டாலிக்கை இடம் மாத்தினோம். பால்கனிக்கு நேர் எதிர்ல கிழக்கு சுவர், பெட்ரூம் போற வழி போக மிச்சம் 6 அடி அகலம், 57 சதுர அடி. இதுக்கு வெயில் முன்னாடி இருந்து வருது, பக்கத்துல இருந்து வரல, பிப்ரவரியானாலும் ஜூனானாலும் அப்படித்தான். மேடு பள்ளம் நிழல் குடுக்காது, காப்பர் மட்டும் எரியும். முதல்ல ரெண்டுக்கு ரெண்டு சாம்பிள் அடிச்சு மூணு நாள் விட்டோம், காலையில, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி லைட்லன்னு அவங்களே பார்த்து போட்டோ அனுப்பினாங்க.

ராத்திரி போட்டோ வந்தப்பதான் அடுத்தது தெரிஞ்சுச்சு, 6500 கெல்வின் வெள்ளை லைட்ல காப்பர் செத்துப் போய் துரு மாதிரி இருந்துச்சு, மோக்கா பிரவுன் சிமென்ட் கலர். ஹால் பூரா 3000 கெல்வினுக்கு மாத்தினோம். மாத்தின மூணாவது நாள் அம்மா போன், "தம்பி, இந்த மஞ்ச வெளிச்சத்துல கீரை ஆய முடியல, புழு இருந்தாலும் தெரியாது". நியாயமான பேச்சு. அவங்க உக்கார்ற டைனிங் டேபிள் மேல மட்டும் 4000ல ஒரு லைட் போட்டு தனி சுவிட்ச் குடுத்தேன்.

தெற்கு சுவரை உப்புத்தாள் போட்டு மினுமினுப்பு போகத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு மத்த சுவர் மாதிரியே மோக்கா மேட். டிவிக்கு மேல சீலிங்ல பிளான் பண்ணின எல்ஈடி ஸ்ட்ரிப்பையும் எடுத்துட்டேன், அதுவும் சுவரைத் தடவிட்டு இறங்குற வெளிச்சம்தான், சூரியன் சாயங்காலம் பண்றதை அது ராத்திரி பண்ணும். காப்பர் சுவருக்கு ரெண்டு பேர், ஒருத்தர் ரோலர்ல பெயிண்டைப் போட்டுக்கிட்டே போக இன்னொருத்தர் பின்னாடியே மேல இருந்து கீழ ஒரே இழுப்பா இழுத்துக்கிட்டே வரணும், மூலைக்கு மூலை முடியற வரைக்கும் யாருக்கும் டீ கிடையாது. 6 அடிங்கறதால நாப்பது நிமிஷத்துல முடிஞ்சுச்சு.

முதல் தடவை காப்பருக்கு ஆன கிட்டத்தட்ட 13,000ஐ நான் வாங்கிக்கல, ரெண்டாவது தடவை மெட்டீரியல் மட்டும் அவங்க, கூலி என்னோடது. கிச்சன் கைப்பிடி பாதிக்குப் பாதி.

2026 ஜனவரியில போய் பார்த்தது

வடகிழக்கு பருவமழை முடிஞ்சு பொங்கலுக்கு அப்புறம் போனேன். பாத்ரூம் சுவர் தாங்கியிருக்கு, ஒரு மூலையில மட்டும் உள்ளங்கை அளவுக்கு லேசா உப்பு. மேட் பெயிண்ட்ங்கறதால தேய்ச்சு தொட்டு விட்டேன், எங்க தொட்டேன்னு எனக்கே தெரியல. காப்பர் சுவர் சாயங்காலம் அஞ்சரைக்கு நெருப்பு மாதிரி நிக்குது, அந்த நேரத்துல அவங்க லைட்டே போடறதில்லையாம். ஆனா கீழ ரெண்டரை அடி வரைக்கும் பையனோட கை. எண்ணெய்க் கை, பிஸ்கட் கை எல்லாம். ஈரத்துணியில துடைச்சா போகுது, அழுத்தித் துடைச்ச இடம் மங்கிடுது. அந்த உயரத்துக்கு ஒரு நீளமான மரப் பெஞ்சு போட்டுட்டாங்க, இது நான் யோசிச்சிருக்க வேண்டியது, அவங்களே யோசிச்சது.

அதுக்குள்ள பான்டோன் 2026க்கு கிளவுட் டான்சர்னு அறிவிச்சாச்சு. அது ஒரு வெள்ளை. தங்கச்சி அதைச் சொல்லி சிரிச்சாங்க, புருஷன் மட்டும் சிரிக்கல.

இப்ப நான் மாத்திக்கிட்டது

மெட்டாலிக் கேட்டு யாராவது வந்தா முதல் கேள்வி கலர் கிடையாது, எந்தத் திசை சுவர், ஜன்னல் எங்க, அதைத்தான் கேக்கறேன். காம்பஸ் போன்லயே இருக்கு, சூரியன் வருஷம் முழுக்க எங்க சாயும்னு காட்டற ஆப்பும் இருக்கு, ஒரு விசிட்ல பார்த்ததை நம்பறதில்ல. டார்ச் டெஸ்ட் கஸ்டமர் முன்னாடியே பண்றேன், சுவரைப் பார்த்து அவங்களே பயந்து பாதிப் பேர் மேட்டுக்குப் போயிடறாங்க, எனக்கு அதுல லாபம் கம்மிதான். கொட்டேஷன்லயே மெட்டாலிக்குக்கு டச்சப் கிடையாது, கீறல் விழுந்தா மூலைக்கு மூலை அடிக்கணும்னு ஒரு வரி. எலக்ட்ரிக்கல் பாயிண்ட் பட்டிக்கு முன்னாடி ஃபைனல், அப்புறம் டிவி சைஸ் மாறினா தேதியும் மாறும். கைப்பிடியில ஒன்னை மட்டும் வாங்கிட்டு வந்து வீட்ல யார் சுத்தம் பண்றாங்களோ அவங்க கையில குடுத்து எப்படித் தேய்ப்பீங்கன்னு கேட்டுடறேன்.

மிச்சம் ஒரு அரை லிட்டர் காப்பர் பெயிண்ட் லாஃப்ட்ல இருந்துச்சு. இந்த தடவை போனப்ப பால்கனியில துளசி மாடம் பளபளன்னு நிக்குது, அம்மா அடிச்சிருக்காங்க, பிரஷ் தடம் அப்படியே தெரியுது. உள்ள அடிக்கிற பெயிண்ட்மா இது, மழையில நிக்காதுன்னேன். "நிக்கறப்ப நிக்கட்டும் தம்பி"ன்னுட்டு தண்ணி ஊத்தப் போயிட்டாங்க.